பாய் மூலையில் ஒரு ராசா

என் புருசன் சிமியோனுக்குக் கை ஒரு இடத்தில் இருந்தால் மனது வேறொரு இடத்தில் இருக்கும். குருநகரில் வள்ளங்களுக்குப் பாய் தைக்கிறவர்; ஆனால் கோயில் கூத்து வருகிறதென்றால் ஊசி, நூல் எல்லாம் மறந்துபோகும். அந்த வருசக் கூத்தில் ராசாவுக்கு என்ன உடுப்புப் போடலாம் என்று யோசித்தவர், சண்டைக் காலத்தில் கடதாசி கிடைக்காததால், பாய்த்துணித் துண்டொன்றில் வள்ளத்துக்குப் பூசும் கீலைத் தொட்டுப் படம் கீறி வைத்திருந்தார். பிறகு வள்ளச் சொந்தக்காரர் வின்சன்ற் சம்மாட்டியாரின் புதுப் பாய்க்கு மூலையில் இரட்டைத் துணி போட்டபோது, அந்தத் துண்டையே எடுத்துப் படம் வெளியே தெரியத் தைத்தும்விட்டார்.

நான் அதைக் கண்டது ஞாயிற்றுக்கிழமை காலை. பூசை முடிந்து, பாயைச் சுவாமியாரிடம் மந்திரிக்கக் கொண்டுபோகச் சம்மாட்டியார் அப்போதுதான் ஆட்களோடு வந்து எங்கள் படலையைத் திறக்கிறார்.

படத்து ராசாவுக்குப் பெரிய வயிறு, முறுக்கிய மீசை. சம்மாட்டியாருக்கும் அதே வயிறு, அதே மீசை. தன்னைத்தான் பழித்துக் கீறியிருக்கிறான் என்று அவர் நினைத்தால் போச்சு. பிறகு இந்தக் கரையில் ஒருவரும் எங்களிடம் பாய் தைக்கத் தரமாட்டார்கள். தையலைப் பிரிக்கவும் நேரமில்லை. நாசமாய்ப் போன மனுசன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மூலையின் மேல் ஏறி நின்றேன்.

சம்மாட்டியார் விலகச் சொன்னார். விலகினேன்.

குனிந்து பார்த்தார். நண்டுக்கால் வைத்த மணிமுடி, சிப்பிப் பொத்தான், சால்வைக்கு வலை, இடுப்பில் வாளுக்குப் பதிலாக ஒரு கருவாடு. கனநேரம் பார்த்துவிட்டு ஆர் இது என்று கேட்டார். ஒருத்தருமில்லை, மனதில் வந்த ராசா என்றார் இவர். சம்மாட்டியாரின் வயிறு முதலில் குலுங்கியது. அதற்குப் பிறகுதான் சிரிப்புச் சத்தம் வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஒருத்தருமில்லையோ? பிள்ளை கத்தரீனா, அந்த மீசையைக் கையாலை மறைச்சுப் பார். நீதான்."

மறைத்துப் பார்த்தேன். இடுப்பில் ஊன்றிய கை, தூக்கிய புருவம், சுளித்த வாய். மாதாவே, நானேதான். இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் தன் விரல்களில் காய்ந்த கீலைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

பிரிக்கட்டுமா என்று சம்மாட்டியாரைக் கேட்டேன்.

"வேண்டாம், இருக்கட்டும். உந்த முகத்தைக் கண்டால் காத்தும் சொல்லுக் கேக்கும்."

பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். இவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது. பொய் ஏன் சொல்ல வேண்டும், அந்த நண்டுக்கால் முடி எனக்கு எடுப்பாகத்தான் இருந்தது.