ஆறாம் அத்தியாயத்தில் இல்லாத பெண்

...போனில் கதைக்கிற விஷயமில்லை என்றால் வேறென்ன விஷயம், பிழை என்றால் பிழை என்று சொல்லிவிடலாம்தானே, பதிப்பாளர் பற்றிக் அங்கிள் சுற்றிவளைத்துப் பேசுகிறவர் இல்லை, போன வருடம் வியன்னாவைப் பற்றிய பயண நூலை மொழிபெயர்க்கையில் அவள் ஓர் அரசனையும் அவனுடைய தகப்பனையும் குழப்பி வைத்தபோதுகூட, சுபோதினி, மகனைக் கொண்டுபோய் அப்பாட சவப்பெட்டிக்குள்ள படுக்க வைச்சிட்டீங்களே, என்று போனிலேயே சொல்லிச் சிரித்தவர், நேற்று மட்டும் ஏன் சிரிக்கவில்லை, ஆறாம் அத்தியாயம் கொஞ்சம் பாக்கணும், நேரில வாங்க, என்று அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார்... பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டிவிட்டது, கண்டக்டர் சிங்களத்தில் இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன என்று எல்லோரையும் முன்னுக்குத் தள்ளுகிறான், முன்னுக்குப் போக இடமில்லை, ஆனாலும் சனம் போகிறது. ஆறாம் அத்தியாயத்தில் என்ன இருக்கிறது, நிலவறை இருக்கிறது, குண்டுச்சத்தம், தண்ணீர் இல்லாத நாட்கள், அவளுக்குக் கஷ்டமே தராத அத்தியாயம் அதுதான், அகராதியைத் திறக்காமல் ஒரே காலையில் முடித்தது. பிழை வருவதென்றால் பேராலயக் கட்டடக்கலை வருகிற இடத்தில் வந்திருக்கவேண்டும், அங்கேதான் ஒவ்வொரு சொல்லுக்கும் முழிபிதுங்கினாள்.

புத்தகம் பாதி போர், பாதி பயணம். ஜெர்மனியின் கிழக்கு எல்லையில் ஒரு நகரம், யுத்தம் முடியப்போகிற குளிர்காலம், ஒரு சிறுமி, அவளுடைய தாய், தம்பி. அந்தச் சிறுமி கிழவியான பிறகு, நடந்து தப்பிய அதே வழியால் ரயிலில் திரும்பிப் போகிறாள், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இறங்கி, கேக் சாப்பிட்டு, தேவாலயம் பார்த்து, இடையிடையே அந்த நாட்களை எழுதுகிறாள். பற்றிக் அங்கிள் இப்படி ஐரோப்பாவைப் பற்றியே வரிசையாகப் போடுகிறார், வரலாறு, பயணம், யுத்தம், யார் வாங்குகிறார்களோ தெரியாது, எல்லாவற்றையும் சுபோதினிதான் இங்கிலிஷிலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறாள், காலையில் மொழிபெயர்ப்பு, பின்னேரம் வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் டியூஷன். சென்னையைத் தாண்டி எங்கும் போனதில்லை, ஆனால் எந்த நகரத்தில் எந்தப் பாலத்தைக் கடந்தால் சந்தை வரும் என்று கேட்டால் சொல்லுவாள். போன கிழமை டியூஷனுக்கு வருகிற ஒரு பிள்ளையின் தாய் கேட்டாள், நீங்கள் வன்னியிலயிருந்து வந்தனீங்கள், இந்த யுத்தப் புத்தகங்களைச் செய்யேக்க ஒரு மாதிரி இருக்காதோ ரீச்சர், என்று. இல்லை என்றாள். உண்மைதான், ஒன்றும் இருப்பதில்லை, பல் பிடுங்க ஊசி போட்டபிறகு உதடு இருக்குமே, தொட்டால் யாரோ ஒருவருடைய உதட்டைத் தொடுகிற மாதிரி, அப்படித்தான்... அதில் என்ன குறை, வேலை ஓடுகிறது.

புறக்கோட்டையில் பஸ் மாறி, ஜம்பட்டா வீதியில் இறங்கி, மாடிப்படி ஏறியபோது அங்கிள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தார். மேசையில் அவளுடைய பக்கங்கள், பக்கத்தில் இங்கிலிஷ் புத்தகம், பென்சில் செருகி. இருங்க, விசிறி போடுறேன், யூஜினா தேத்தண்ணி ஊத்துறா, என்றவர், விசிறியைப் போட்டுவிட்டுத் தன்னுடைய கண்ணாடியைத் துடைத்தார், துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தார். நாலைஞ்சு இடத்தில நிலவறைக்குப் பங்கர் எண்டு எழுதியிருக்கீங்க, அதை நானே மாத்திட்டேன், அது பெரிய விஷயமில்லை, என்றார். பிறகு ஒரு பக்கத்தை அவள் பக்கம் திருப்பினார். இந்த இடம். நாப்பத்தஞ்சாம் வருஷத்தில மஞ்சள் பிளாஸ்டிக் கேன் இருந்திருக்காதே, அப்பிடி நினைச்சுத்தான் மூலத்தை எடுத்துப் பாத்தேன். அதுக்குப் பிறகுதான்... என்று நிறுத்தி, இந்தப் பந்தியே அதில இல்லை சுபோதினி, என்றார், பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாயிடம் சொல்கிற குரலில்.

அவள் வாசித்தாள். அவளுடைய தமிழ்தான், வசனம் போகிற விதம், நிறுத்துகிற விதம் எல்லாம் அவளுடையது, எழுதியது மட்டும் ஞாபகமில்லை. தண்ணீருக்குப் போன அம்மாவைக் காணவில்லை. வாசலில் வெளிச்சம் மறைந்தது. ஒரு பெண்ணின் கை மட்டும் உள்ளே நீண்டு மஞ்சள் கேனை இறக்கி வைத்தது. இது உங்களுடைய கேன்தானே, என்று கேட்டாள். நாங்கள் குடித்தோம். குடித்து முடித்த பிறகுதான் அம்மா எங்கே என்று கேட்டோம்... அவ்வளவுதான், ஒரு சின்னப் பந்தி. இங்கிலிஷில் என்ன இருக்கிறது அங்கிள், என்றாள். அவர் புத்தகத்தைத் தள்ளினார், பென்சிலால் மெல்லக் கோடிட்டிருந்தார். தாய் வாளியோடு திரும்பி வருகிறாள், பாதித் தண்ணீர் வழியில் சிந்திவிட்டது, படியில் ஐஸ் பிடித்திருக்கிறது, யாராவது மண் தூவினால் என்ன என்று ஏசுகிறாள். அந்தத் தாய் அடுத்த அத்தியாயத்திலும் இருக்கிறாள், அதற்கடுத்ததிலும் இருக்கிறாள், தொண்ணூறு வயதில் செத்துப்போகிறாள், அதையெல்லாம் சுபோதினியேதான் மொழிபெயர்த்தாள். ஆறாம் அத்தியாயத்தில் வராத தாயை ஏழாம் அத்தியாயத்தில் நடக்கவிட்டபோது அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லையா, இரண்டுதரம் திருப்பிப் பார்த்தாளே, திருப்பிப் பார்த்தது யார்...

போனது அம்மா இல்லை, அக்கா. வன்னி யுத்தத்தின் கடைசி மாதங்களில் மாத்தளனில், மணலுக்குள் வெட்டிய பங்கர், அக்காவின் பழைய சேலைகளைத் தைத்து மண் நிரப்பி அடுக்கியிருந்தார்கள், உள்ளே அப்பா, அம்மா, அக்கா, தம்பி, அவள். நான் போறன், நீ போனா வரிசையில நிண்டு கதைச்சுக்கொண்டிருப்பாய், என்று சொல்லிவிட்டு அக்கா கேனைத் தூக்கிக்கொண்டு போனாள். செல் விழுந்தது, ஓய்ந்தது, திரும்ப விழுந்தது. பிறகு கேன் வந்தது. அப்பா தேடிப்போனார், இருட்டமுதல் வந்தார், வெளிக்கிடுங்கோ என்று மட்டும் சொன்னார், அம்மா ஒன்றும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை, எல்லோரும் வெளிக்கிட்டார்கள். அப்பா முகாமில் செத்துப்போனார். அம்மா இப்போது லண்டனில் தம்பியோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வந்து சாப்பிட்டியா, மெலிஞ்சிட்டாய் என்பாள், தம்பி பின்னால் ரீவி பார்ப்பான், மூன்று பேரில் ஒருவராவது ஒருநாளாவது அக்காவைப் பற்றி... இல்லை. அங்கிள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், துறைமுகத்தின் கிரேன்கள் தெரிகிற ஜன்னல். நான் ஒண்டும் கேக்கல்ல, என்றார். இது புத்தகத்தில இருக்க ஏலாது, அது மட்டும்தான். ஆனா அழிச்சுப் போடாதீங்க. அவள் தலையாட்டினாள், பேனையை எடுத்தாள், பந்தியைக் குறுக்கே கோடிழுத்து வெட்டிவிட்டு ஓரத்தில் எழுதினாள், அம்மா வாளியோடு திரும்பி வந்தார், பாதித் தண்ணீர் வழியில் சிந்திப்போயிருந்தது. திரும்பி வந்தார். எவ்வளவு லேசான வசனம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட மொழிபெயர்க்கும்.

அங்கிளின் மனைவி யூஜினா அன்ரி தேத்தண்ணியும் பொரித்த பற்றிஸும் கொண்டுவந்து வைத்தார், புறூஃப் எல்லாம் முதலில் வாசிப்பது அவர்தான், பின்னேரங்களில் சமையலறைக் கதிரையில் இருந்து. வெட்டிய கோட்டைப் பார்த்துவிட்டார். ஐயோ மகள், அதை ஏன் வெட்டினது, என்றார். மூலத்தில இல்லையாம், என்றார் அங்கிள் அவசரமாக, நீ உள்ள போ. அன்ரி போகவில்லை. இல்லையா, அப்ப நான் சும்மாதான் அழுதேனா, என்று கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அந்தத் தாயை விடுங்க, எனக்கு மற்ற மனிசியைத்தான் நினைப்பு, கேனைக் கொண்டுவந்து குடுத்தவ. அவவுக்கும் தாகமாத்தானே இருந்திருக்கும். கேனைக் கையில வைச்சுக்கொண்டு அந்தச் செல்லுக்குள்ளால வந்து, ஆரோட கேனையோ ஆரோட வீட்டிலயோ குடுத்திட்டு... திரும்பவும் அதே வழியாலதானே போயிருக்கணும். அடுத்த அத்தியாயத்தில வருவா எண்டு பாத்துக்கொண்டே இருந்தேன், வரவே இல்லை. அவ ஆரு மகள்? அங்கிள், யூஜினா, என்றார். அன்ரி சுபோதினியின் முகத்தைப் பார்த்தார், பிறகு வெட்டிய பக்கத்தைப் பார்த்தார், பிறகு பற்றிஸ் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். தெரியாது அன்ரி, என்றாள் சுபோதினி, எனக்குத் தெரியாது.

படி இறங்கி, சாந்த லூசியா பேராலயத்தில் ஏதோ பூசைக்கு மணியடிக்க, பஸ் ஹோல்டில் வந்து நின்றபிறகும் அதுவே ஓடுகிறது, தெரியாது என்று சொன்னது பொய்யில்லை, ஆனால் இத்தனை வருடத்தில் அவள் அக்காவைத் தேடியிருக்கிறாள், கேனைக்கூடக் கனவில் கண்டிருக்கிறாள், அந்தக் கையை ஒருநாளும் தேடவில்லையே. ஒரு கை இருந்தது. முழங்கைவரை ஈர மணல் ஒட்டியிருந்தது, இளம் கையா, கிழவியின் கையா, கேன் எங்களுடையது என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும், அப்பாவின் பெயர் பெயின்றால் எழுதியிருந்ததா, இல்லை அக்கா சொல்லியிருக்கவேண்டும், எந்தப் பங்கர், எந்தச் சேலை என்று, அப்படியென்றால் அக்கா அப்போது பேசினாள், அப்படியென்றால் கடைசியாக அக்காவோடு பேசியது அந்தப் பெண், அவள் எவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தாள், அக்காவுக்கு ஒரு வாய் கொடுத்தாளா... வத்தளை பஸ் ஒன்று வந்து நின்று போனது, அது அவளுடையதில்லை. தம்பி குடித்தான், அம்மா குடித்தாள், அப்பா, பிறகு அவள், தண்ணீரில் பெற்றோல் மணம் கொஞ்சம் இருந்தது, வாசலில் அந்தப் பெண்ணின் நிழல் உடனே போகவில்லை, கொஞ்சம் நின்றது, ஏன் நின்றது, ஏதோ சொல்ல நின்றதா, இல்லை தண்ணீருக்காகவா, நீங்களும் ஒரு வாய் குடியுங்கோ என்று அவர்களில் ஒருவராவது சொன்னார்களா...