மூவாயிரத்தில் கத்தும் கார்

கஜபதியின் டிரைவிங் ஸ்கூலில் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய நாளிலிருந்தே கஸ்தூரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொண்ணூற்றேழில் அம்பத்தூரில் 'கம்ப்யூட்டர்' என்று எழுதி ஒட்டினால் இட்லிக் கடையில்கூட இரண்டு பேர் அதிகமாக நிற்பார்கள். கஜபதிக்கு அது தெரியாதா? ரிச்சி தெருவுக்குப் போய்ப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று, மேஜையில் திருகி மாட்டும் ஸ்டியரிங் ஒன்று, கார் ரேஸ் விளையாட்டு சி.டி. ஒன்று வாங்கி வந்தார். வாசலில் 'கம்ப்யூட்டர் மூலம் கார் பயிற்சி' என்று போர்டு ஏறியது. அறைக்கு ஏ.சி. போட்டு, செருப்பை வெளியே விடச் சொல்லி, ஊதுவத்தி வேறு ஏற்றிவைத்தார். முதல் ஐந்து வகுப்பு அந்தச் சந்நிதியில்தான். அதற்கப்புறம்தான் கஸ்தூரி ஓட்டக் கற்றுத்தரும் பியட்டில் ஏறலாம்.

விளையாட்டை விளையாட்டென்று சொல்லி விற்றால் அவளுக்கு என்ன வந்தது? பாலிடெக்னிக்கில் அவள் வகுப்பில் ஆட்டோமொபைல் படித்த ஒரே பெண் அவள். நிற்கிற காரின் எஞ்சின் நிமிஷத்துக்கு எண்ணூறு சுற்றுச் சுற்றினால் போதும், தாராளம். அந்த சி.டி. காரோ யாரும் கால் வைப்பதற்கு முன்பே சுற்றுக் காட்டும் முள்ளை மூவாயிரத்தில் நிறுத்திக்கொண்டு மாவு மிஷின் மாதிரி அலறியது. கிளட்சிலிருந்து காலைப் படாரென்று எடுத்தாலும் அணையாது. பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட அணையாத காரை உலகத்தில் எவன் பார்த்திருக்கிறான்?

"நிக்கிற வண்டி எதுக்கு சார் இப்படிக் கத்தணும்?" என்று கேட்டாள்.

"சத்தம் போட்டாத்தாம்மா வண்டி ஓடிக்கினு கீதுன்னு தெரியும்" என்றார் கஜபதி.

அந்த நினைப்புதான் எல்லோருடைய காதையும் கெடுத்தது. அங்கே பழகியவர்கள் பியட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்புவார்கள். எஞ்சின் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓடும். அலறல் கேட்காததால் பிடிக்கவில்லை என்று நினைத்து மறுபடியும் திருப்புவார்கள். ஓடுகிற எஞ்சினில் ஸ்டார்ட்டர் போய்க் கடித்தால் கர்ர்ர்ரென்று பல் பெயர்கிற சத்தம் வரும். தன் பல்லையே யாரோ அரம் வைத்து ராவுகிற மாதிரி கஸ்தூரிக்குக் கூசும்.

போன டெஸ்டில் சொர்ணமும் அதையேதான் செய்தாள். அவள் மண்ணூர்பேட்டைக்காரி, நாற்பது வயது, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவள். வேலைக்கு வரும் பெண்களை ஏற்றி இறக்க அந்தக் கம்பெனி வேன் வாங்கியிருந்தது. ஒன்றாம் தேதிக்குள் லைசென்ஸ் கொண்டுவந்தால் ஸ்டியரிங் உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஓடுகிற வண்டியை அவள் மறுபடி ஸ்டார்ட் பண்ணினாள். கர்ர்ர். "இறங்கும்மா" என்றார் அவர். இனி இருபத்தெட்டாம் தேதி ஒரு டெஸ்ட்தான் பாக்கி.

கஸ்தூரி நேராகக் கஜபதியிடம் போனாள். "உங்க கம்ப்யூட்டரால அந்தக்கா வேலை போகப்போகுது சார். அதைத் தூக்கிக் கடாசுங்க."

அவர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் மெக்கானிக் துலுக்கானத்தைக் கூப்பிட்டு நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பியட்டின் ஐட்லிங் ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றச் சொல்லிவிட்டார்! நிறுத்திவைத்த பியட் தெருமுனை வரை கத்தியது.

"ரெண்டும் ஒரே சத்தம். இனிமே கொயப்பமே இல்ல பாரு" என்றார் பெருமையாக.

செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுகிற மனிதரிடம் என்ன பேசுவது? ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே வண்டி தானாக நகர்ந்தது, பெட்ரோலை மடக் மடக்கென்று குடித்தது, யார் காலிலும் அணையவில்லை. மாணவர்களுக்கு ஒரே சந்தோஷம். கஸ்தூரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆத்திரத்தில்.

சொர்ணத்துக்கு மட்டும் சந்தோஷமில்லை. "கம்பெனி வேன்ல போய்க் குந்திப் பாத்தேன் டீச்சரம்மா. அது முணுமுணுன்னுதான் கீது. இந்தக் கத்தல்ல பழகிக்கினு அத்த நான் எப்டி ஓட்டுவேன்? சத்தத்த எறக்கி வுடு."

"அக்கா, கத்துற வண்டியில ஓட்டினா டெஸ்ட்ல சுலபமா பாஸாயிடுவீங்க. இறக்கினா அணைஞ்சாலும் அணையும். யோசிச்சுக்கோங்க."

"பாஸாயி இன்னா? ரெண்டாம் தேதி பத்துப் பொம்பளைங்களோட ரயில்வே கேட்டுல நின்னுச்சுனா?"

அதற்கப்புறம் தினமும் எஸ்டேட் திருப்பத்தில் வண்டியை நிறுத்தி கஸ்தூரி ஸ்க்ரூவை இறக்குவாள். "காதை நம்பாதீங்க, கையை நம்புங்க" என்று சொர்ணத்தின் கையைக் கியர் கம்பியின் மேல் வைப்பாள். எஞ்சின் ஓடினால் அது லேசாக நடுங்கும். அணைந்தால் செத்த கட்டை. வகுப்பு முடிந்ததும் மறுபடி ஏற்றிவிட்டு, திருடி மாதிரி வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்துவாள். சரியான வேலையைத் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டியிருக்கிறதே என்றுதான் அவளுக்கு மனசு ஆறவில்லை.

இருபத்தெட்டாம் தேதி காலையும் ஸ்க்ரூவை இறக்கினாள். டெஸ்ட் மைதானத்துக்கு வெளியே லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. சொர்ணம் சாவியைத் திருப்பினாள். பியட் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது.

இன்ஸ்பெக்டர் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "என்னம்மா, இன்னும் ஸ்டார்ட் பண்ணலையா?"

வேலிக்கு இந்தப் பக்கம் கஜபதி பதறிப்போய், "சாவி! சாவியத் திருப்பும்மா!" என்று கையைத் திருகிக் காட்டினார். சொர்ணத்தின் விரல் சாவிக்குப் போனது. கஸ்தூரி கண்ணை மூடிக்கொண்டாள்.

கர்ர்ர் வரவில்லை.

"ஓடிக்கினுதான் சார் கீது" என்றாள் சொர்ணம். "கியர் மேல கைய வெச்சுப் பாருங்க."

அவர் தொட்டுப் பார்த்தார். "ம். போ."

வண்டி ஓசையில்லாமல் நகர்ந்து, எட்டுப் போட்டு, மேட்டில் நின்று, ஒருமுறைகூட அணையாமல் திரும்பி வந்தது. சொர்ணம் பாஸ்.

மறுநாளே கஜபதி போட்டோக்காரரை வரவழைத்துவிட்டார். 'கம்ப்யூட்டர் பயிற்சியில் வென்ற பெண் டிரைவர்' என்று போர்டு வைக்கப்போகிறாராம். கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா மனுஷனுக்கு? பின்னால் அந்த சி.டி. கார் மூவாயிரத்தில் அலற, சொர்ணம் கம்ப்யூட்டர் பக்கத்தில் போய் நின்றாள், காலில் செருப்போடு.

"போட்டோ எடுத்துக்கோ நைனா" என்றாள் கஜபதியிடம். "ஆனா மொதல்ல அந்த வண்டிய அணை. நிக்கிற வண்டி இன்னாத்துக்குக் கத்திக்கினு கீது?"

கஜபதி கஸ்தூரியைப் பார்த்தார். போட்டோக்காரர் காத்திருந்தார். அணைக்க வேண்டியதாயிற்று.

இன்றும் அந்தப் படம் வாசலில் தொங்குகிறது. அதில் சொர்ணம் சிரிக்கிறாள், பின்னால் கம்ப்யூட்டர் கறுப்பாக இருக்கிறது.