கலினா அழவில்லை

…மணி மூன்று இருபது, இன்னும் சத்தமே இல்லை, அப்படி இருக்க முடியாதே, ஒன்றேமுக்கால் வயதுக்குள் ஒரு ராத்திரிகூட விடியும்வரை தூங்காத பிள்ளை, நாலு தடவை அழுது நாலு தடவையும் தோளில் ஏறினால்தான் அடங்குகிற பிள்ளை, அப்பன் பக்கத்தில் படுத்த மூன்றே நாளில் திருந்திவிடுமா என்ன? ரலிட்சா இருட்டில் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். தூங்கத்தான் சொல்லியிருந்தான் யாவோர். ஒரு வாரம் ராத்திரியில் கலினாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு என்று. புருஷன் இப்படிச் சொன்னால் சந்தோஷப்பட வேண்டியதுதான், ஆனால் இத்தனை நாள் இல்லாத அக்கறை திடீரென்று… சரி, காரணம் இருந்தது, மூன்று நாளைக்கு முன்னால், அவள் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் தூக்கக் கலக்கத்தில் ஒரு கிழவருக்கு இருதய மாத்திரையை இரண்டு மடங்கு வீரியத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டாள், அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைப் படித்ததால் பிழைத்தார், அவளும் பிழைத்தாள். அன்று சாயங்காலமே யாவோர் ஒரு மெத்தையை இழுத்துக்கொண்டுபோய்க் குழந்தையின் கட்டிலடியில் போட்டுவிட்டான்.

அதற்கு மறுநாள்தான் நாத்தனார் நெவெனா வந்தது, கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு, எலுமிச்சை வாசனை அடிக்கிற ஏதோ இலையாம், கொதிக்கவைத்துக் கொடுத்தால் தூக்கம் வருமாம். அதைக்கூட மன்னிக்கலாம், ஆனால் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாளே, "எங்களையெல்லாம் கசகசாக் காயை வேகவச்ச தண்ணி குடுத்துத்தான் தூங்க வச்சாங்க. நாங்க என்ன குறைஞ்சா போயிட்டோம்?" யாவோர் சிரித்தான். எதற்குச் சிரித்தான்? கடைக்கு வருகிற அம்மாக்களும் இப்படித்தான், குடித்தால் தூக்கம் வருகிற சளி மருந்தாக வேண்டும் என்பார்கள், குழந்தைக்குச் சளியா என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அவளும் எத்தனை பேரைக் கண்டித்து அனுப்பியிருக்கிறாள், அதே காரியம் தன் வீட்டிலேயே, அடுத்த அறையிலேயே நடந்தால்?… எழுந்தாள். வெறுங்காலோடு சமையலறைக்குப் போனாள், விளக்குப் போடவில்லை, குளிர்பெட்டியைத் திறந்தால் வருகிற வெளிச்சமே போதும். குழந்தை குடித்த குவளை கழுவாமல் கிடந்தது, அடியை விரலால் வழித்து நக்கிப் பார்த்தாள், பால், வெறும் பால். சளி மருந்துக் குப்பியில் முந்தாநாள் அவளே பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள், மருந்து கோட்டிலேயே நின்றது. ரக்கியாச் சாராய பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது. நெவெனாவின் பொட்டலத்தில் முடிச்சுகூட அவிழவில்லை. ஒன்றுமே இல்லை, நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும், ஏன் ஏமாந்துபோன மாதிரி இருக்கிறது?

அப்போதுதான் கேட்டது, முதலில் ஒரு சிணுங்கல், அப்புறம் அழுகை, அதே அழுகை, அவளுக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது, ஓடினாள், கதவைத் தள்ளினாள், இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். தரையிலிருந்து யாவோரின் கை அவள் கணுக்காலைப் பிடித்தது. "தூக்காத, ரலி. கொஞ்சம் பொறு." விடு என்று உதற நினைத்தாள், பெற்றவளையே தடுக்கிறானே, என்ன மனுஷன்… ஆனால் கலினா எழவில்லை. கண் மூடியே இருந்தது. வாய் மட்டும் கோணிக்கொண்டு அழுதது, காலை ஒரு தடவை உதைத்தது, கம்பளியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது, அழுகை தேய்ந்து தேய்ந்து மூச்சாகிவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"அவ முழிக்கவே இல்ல. தூக்கத்துலதான் அழறா. நீ தூக்கறப்பதான் முழிக்கறா."

அவன் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினாள், இல்லை, களைப்புதான் இருந்தது. ராத்திரிக்கு எத்தனை தடவை என்று கேட்டாள். நாலு என்றான். அதே நாலு. அப்படியானால் இத்தனை மாதமாக யார் யாரை எழுப்பிக்கொண்டிருந்தது? அந்தக் கிழவரின் மாத்திரை… வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"பனிக்காலத்துலயே. ரெண்டு தடவை சொன்னேன். கட்டை மாதிரி தூங்கறவனுக்கு என்ன தெரியும்னு கேட்ட."

கேட்டிருப்பாள். கதவைச் சாத்தாமல் வந்து படுத்துக்கொண்டாள், இப்போது தூங்கலாம், தாராளமாகத் தூங்கலாம், ஆனால் பனிக்காலம் என்றானே… அப்படியானால் அந்த ராத்திரிகளில் அவன் தூங்கவில்லை. இருட்டில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் படுத்திருந்த கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். அவள் என்னென்ன பேசினாள்? தூங்குகிறவன்தானே என்று குரலைக்கூடத் தாழ்த்தியதில்லை, உங்கப்பன் மனுஷனே இல்லடி, நீ மட்டும் இல்லேன்னா நான் என்னைக்கோ வார்னாவுக்கு எங்கக்கா வீட்டுக்குப் போயிருப்பேன் என்று தாலாட்டு மாதிரி, ராகம் போட்டு, ஒரு நாள் இரண்டு நாளா… மறுநாள் காலையில் அவன் எழுந்து காப்பி போட்டு அவள் கையில் கொடுப்பான், தூங்கினியா என்று கேட்பான். இதைவிடவும் மோசமாக ஒன்று சொன்னாளே, தை மாதக் குளிரில், மூன்று நாள் தொடர்ந்து தூங்காமல்… என்ன சொன்னாள்? யோசித்துப் பார்த்தாள், வரவில்லை, அவனுக்கு ஞாபகம் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் புரண்டான்.