பத்துப் பேரில் பதினோரு பேர் லீவு

மருத்துவமனையின் பணிநேர அலுவலகத்தில் அவள் புள்ளியியல் அதிகாரி. கணவர் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துபவர்கள் சேர்ந்தாற்போல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது.

அன்று அவருக்கு ஓய்வு நாள். ஆனாலும், வராதவர்களுக்குப் பதிலாகப் போக வேண்டியவர்கள் காத்திருக்கும் அறையில்தான் இருந்தார். மதியம் அவள் எட்டிப் பார்த்தாள்.

"கூப்பிட்டாங்களா?"

"நாலு பேரைக் கூப்பிட்டாங்க. மிச்சம் அஞ்சு பேர் கூரையைப் பார்த்துட்டு இருக்கோம். ஒன்பது பேர் வேணும்னு யாரும்மா கணக்குப் போட்டது?"

"பாய்சான்."

"அவர் எந்த வார்டு? வரச் சொல்லு, என் நாற்காலியில கொஞ்சம் உக்காரட்டும்."

அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. ஆனால் மேசைக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. பாய்சான் என்ற கணித மேதையின் பரவலை வைத்துப் போட்ட அந்த வாய்பாடு மருத்துவமனை முழுவதற்குமானது. நூற்றுக்கணக்கான ஊழியர்கள், எப்போதோ ஒரு நாள் லீவு போடுகிறவர்கள். அங்கே அது அச்சுப் பிசகாமல் பொருந்தியது. கணவரின் வார்டிலோ ஒரு நேரப் பணிக்குப் பத்தே பேர். அலைச்சலில் நொந்துபோய், ஏதாவது ஒரு நாளில் சராசரியாக நாலு பேர் வருவதில்லை. ஒவ்வொருவரும் வருவார் அல்லது வரமாட்டார் என்று எண்ணும் ஈருறுப்புப் பரவலை வைத்து நேராகவே கணக்குப் போட்டாள். நூறு நாளில் தொண்ணூற்றெட்டு நாளாவது ஆள் குறையக் கூடாது என்ற அதே பழைய விதிக்கு, ஏழு பேர் போதும் என்று வந்தது.

அவள் நீட்டிய கணக்குத் தாளைக் கண்காணிப்பாளர் தொடவே இல்லை.

"இத்தனை வருஷமா ஓடுற கணக்கு மேடம். அதுவும் உங்க வீட்டுக்காரரே அந்த லிஸ்டுல இருக்கார்."

"இருக்கார் சார். அதனாலதான் மூணு தடவை சரிபார்த்தேன். பழைய கணக்குப்படி, ஆயிரம் நாள்ல கிட்டத்தட்ட மூணு நாள் பத்துப் பேருக்கு மேல லீவு போடுவாங்க."

"சரி."

"வார்டுல இருக்கிறதே பத்துப் பேர் சார். பதினோராவது ஆள் எங்கேர்ந்து வந்து லீவு போடுவார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"அப்ப இது தப்புக் கணக்கா?"

"தப்புன்னு இல்ல சார். கிட்டத்தட்டப் போடுற கணக்கு. ஒவ்வொருத்தரும் வராம போற வாய்ப்பு சின்னதா இருந்தா ரொம்ப நெருங்கி வரும். பெருசா இருந்தா இப்படித்தான் எகிறும்."

"ஏழாவே வைங்க. ரெண்டு பேரை எடுத்துடுங்க. ஆனா உங்க வீட்டுக்காரர் இருக்கட்டும். இல்லேன்னா நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

அவள் மேசைக்குத் திரும்பினாள். கைக்குழந்தைக்காரி ஒருத்தியையும், முதுகுவலியால் நாற்காலியில் உட்காரவே முடியாத ஒருவரையும் பட்டியலிலிருந்து நீக்கினாள்.

சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தாள்.

"அவங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"போயாச்சு."

"அது போதும்."

அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். இறங்க வேண்டிய இடம் வந்தது. எழுப்ப மனசு வரவில்லை. பஸ் கிளம்பட்டும் என்று இருந்துவிட்டாள்.