எழுத்துப் பக்கம் கீழே

காலை ஒன்பதே முக்காலுக்கு என் வீடு கிரேன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. சமையல் மேடை, குளியலறை, சுவருக்குள் மடிந்துபோகும் கட்டில், ஜன்னலின் திரைக்கம்பி வரைக்கும் எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே பொருத்தி, பதினோரு அடி அகலமும் இருபத்திரண்டு அடி நீளமுமாக ஒரே பெட்டியாய் லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அஸ்திவாரத்தில் ஏழு கம்பிகள் விறைப்பாக நின்றன. வீட்டின் அடியில் ஏழு ஓட்டைகள். கம்பி ஓட்டைக்குள் போக வேண்டும், நட்டை முடுக்க வேண்டும், குடிபோக வேண்டும். அவ்வளவுதான் வேலை என்று சொல்லித்தான் என் தலையில் கட்டினார்கள்.

தரைக்கு முழங்கால் உயரத்தில் வீடு நின்றுவிட்டது. நான்கு மூலையிலும் கயிறு பிடித்திருந்தவர்கள் அசையாமல் நின்றார்கள். கம்பெனியிலிருந்து வந்த என்ஜினியர் பொண்ணு குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். எழுந்து இந்தப் பக்கம் வந்து பார்த்தாள். மறுபடி அந்தப் பக்கம் போனாள்.

"அக்கா, குளியலறைப் பக்கம் நாலு கம்பி இருக்கணும். அங்க மூணுதான் இருக்கு. நாலு எதிர்ப்பக்கம் நிக்குது."

 எப்படி மாறியது என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கும் தெரியும், ஆனால் அவர் கேட்டாலே பாதிதான் பதில் சொல்கிற மனுஷன். தெரிந்த மூன்றாவது ஆள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் எதன் மேலோ ஏறி நின்றுகொண்டிருந்தான். தலை மட்டும் தெரிந்தது. என் அண்ணன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்தது இது. அஸ்திவாரம் போடுகிற அன்று கம்பெனியிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் தாள் வந்தது. வீட்டின் அடிப்பரப்பு எவ்வளவோ அவ்வளவு பெரிசு. அதில் ஏழு ஓட்டை, ஒரு அம்புக்குறி, பக்கம் பக்கமாக எழுத்து. அம்புக்குறி தெருவைப் பார்க்கும்படி விரித்து, ஓட்டை இருக்கிற இடத்திலெல்லாம் கொத்தனார் கம்பி நட வேண்டும். கூட வந்த காகிதத்தைப் படித்த என் வீட்டுக்காரர், எழுத்துப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது என்றார். எழுத்தைக் கீழே கவிழ்த்துப் போட்டால் யார் படிப்பது, மண்புழுவா என்று நான் கேட்டேன். கொத்தனார் சிரித்தார். நான் சொன்னதற்கு ஒருத்தர் சிரித்துவிட்டால் போதும், அப்புறம் நான் இறங்கி வரமாட்டேன்.

அப்போதுதான் சுவருக்கு மேலே அண்ணன் தலை எழும்பியது. லேத் பட்டறையில் முப்பது வருஷமாக இரும்பு கடைகிறவன். ஆறு வருஷமாக என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. அன்றும் என்னிடம் பேசவில்லை, கொத்தனாரிடம்தான் சொன்னான். அது வீட்டுக்கு அடியில் ஒட்டி அளவெடுத்த தாள், அதனால் எழுத்து தரையைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும், திருப்பிப் போடுங்கள் என்றான். கொத்தனார் தாளின் ஓரத்தைத் தூக்கப் போனார். நான் அந்த ஓரத்தில் காலை ஊன்றி நின்றேன். என் வீட்டுக்கு நான் சொல்கிற மாதிரி போட்டால் போதும் என்றேன்.

இருபது வருஷமாகத் துணி தைக்கிறவள் நான். உள்பக்கம் எது வெளிப்பக்கம் எது என்று பார்க்காமல் வெட்டினால் இரண்டு கையும் இடது கையாகத்தான் வரும் என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். எனக்கா தெரியாது? வேறு யார் சொல்லியிருந்தாலும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பேன். அவன் சொன்னான், அதனால் யோசிக்கவில்லை.

என்ஜினியர் பொண்ணு தொழிற்சாலைக்குப் போன் போட்டாள். கம்பியை அறுத்து வேறு இடத்தில் துளை போட்டு நடலாம், ஆனால் அது இறுக ஒரு வாரம் ஆகும். கிரேன் பதினோரு மணி வரைதான். தெருவை அடைக்கக் கொடுத்த அனுமதியும் பதினோரு மணி வரைதான். அதற்குள் வீடு உட்காரவில்லை என்றால் லாரியில் ஏறித் திரும்பிப் போகும். அடுத்த முறை எப்போது என்று கேட்டேன். ஐந்து மாதம் என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

ஐந்து மாதம் எங்கே போவது? அன்று காலை ஏழு மணிக்குத்தான் வாடகை வீட்டுச் சாவியைக் கொடுத்திருந்தோம். நாங்கள் படி இறங்கும்போதே புதிதாகக் குடிவருகிறவர்களின் பீரோ மேலே ஏறிக்கொண்டிருந்தது. என் தையல் மெஷின், பாத்திரம், இரண்டு மூட்டைத் துணி எல்லாம் தெருமுனையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. இருந்ததையெல்லாம் இந்தப் பெட்டியில் போட்டாயிற்று. இது போனால் எங்களுக்குத் தலைக்கு மேலே வானம்தான்.

காற்று வேறு எழ ஆரம்பித்தது. வீடு லேசாக ஆடியது. கயிறு பிடித்தவர்கள் காலை அகட்டி ஊன்றினார்கள். கிரேன்காரர் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார். காற்று இன்னும் கொஞ்சம் கூடினால் கருவி கத்தும், அப்புறம் யார் சொன்னாலும் லாரியில்தான் இறக்குவேன் என்றார். சொல்லிவிட்டு, போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்.

"அரை வட்டம் திருப்பினா உக்காந்துரும் போலிருக்கே."

அவள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மனுஷன் சொன்னது சரிதான். வீட்டை முன்னுக்குப் பின்னாகத் திருப்பினால் நாலு ஓட்டை நாலு கம்பிக்கு நேராக வந்துவிடும், மூன்றுக்கு மூன்று. எனக்கு உயிர் வந்தது. வந்த வேகத்திலேயே போனது. வீட்டுக்கு இருப்பது ஒரே கதவு. அது தெருவைப் பார்க்காமல் பின்பக்கம் போகும். பின்பக்கம் என் இடம் ஒரே ஒரு அடி, அப்புறம் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் முற்றம். உள்ளே இடம் வீணாகக் கூடாது என்று கதவை வெளியே திறக்கிற மாதிரி வைத்திருந்தார்கள், அதன் கீழே மடிப்புப் படி வேறு. பக்கவாட்டில் எனக்கு அரையடிதான் சந்து, அதை ஒட்டி அடுத்தவர் காலிமனை, இன்று நிற்க விட்டார்கள், நாளைக்குச் சுவர் எழுப்புவார்கள். பூனை போகும், நான் போக முடியாது. தெருப்பக்கம் புதுக்கதவு வெட்ட முடியாதா என்றால், கூரையின் பாரம் முழுக்க அந்தச் சுவரில்தான் இறங்குகிறதாம்.

"பின்பக்கத்து இடத்துக்காரங்க வழி விடறதா கையெழுத்துப் போடணும்க்கா. இல்லாம என்னால இறக்க முடியாது. அவங்க யாரு, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

தெரிந்தவர்தான் என்றேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். டாக்டர் கைவிரித்துவிட்டார். இடத்தை இரண்டாகப் பிரிக்கிற பேச்சும் அதே வாரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் உள்ளே நுழைந்தபோது அண்ணன் டேப்பை வைத்து அப்பா அறையின் வாசல் நிலையை அளந்துகொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்கக் கூடாததைக் கேட்டேன். அப்பா காதிலும் விழுந்தது. மூன்றாம் நாள் ஒரு வண்டியில் ஆஸ்பத்திரிக் கட்டில் வந்து இறங்கியது. தலைப்பக்கத்தைத் தூக்கி இறக்கலாம், அப்பா மூச்சுத் திணறாமல் சாய்ந்து படுக்கலாம். அது நாற்பது அங்குல அகலம், நிலை முப்பத்தாறு. நிலையைப் பெயர்த்துக் கட்டிலை உள்ளே கொண்டுபோகத்தான் அளந்திருக்கிறான். ஆனால் அப்பா முந்தின நாளே போய்விட்டார். கட்டிலை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினான். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இடம் பிரிந்ததும் நடுவில் இடுப்பளவுக்குக் கட்டின சுவரை ஆளுயரத்துக்குத் தூக்கினேன். தப்பு அவன் மேல் என்றிருந்தால் இடுப்பளவே போதுமாயிருக்கும். என் மேல் என்பதால்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் உயர்த்தினேன்.

நான் போய்க் கேட்கட்டுமா என்றார் என் வீட்டுக்காரர். வேண்டாம் என்றேன். காலியாகக் கிடந்த பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அண்ணி அவன் பின்னால் ஈரத்துணியோடு நின்றாள். தலை நரைத்துப்போயிருந்தது அவனுக்கு. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே தலையைப் பார்த்தும் இதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"அண்ணே," என்றேன்.  "வீட்டைத் திருப்பி வெக்கணும். கதவு உன் பக்கம் வரும். சுவரை உடைச்சிட்டு உன் முற்றம் வழியாத்தான் நாங்க நடக்கணும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, எப்பவும்."

அவன் என் முதுகுக்குப் பின்னால் தொங்கிய வீட்டைப் பார்த்தான்.

"தாளை எப்படிப் போட்டே?"

"எழுத்து மேல."

"நான் என்ன சொன்னேன்?"

"கீழன்னு சொன்னே."

என்ஜினியர் பொண்ணு என் பக்கம் சடாரென்று திரும்பியதை நான் பார்க்காமலே உணர்ந்தேன். அது போகட்டும், என் மானம் கப்பலேறி ரொம்ப நேரமாகிறது. அதோடு விட்டுவிடுவான் என்று நினைத்தேன். விடவில்லை.

"அப்பா ரூம்ல அன்னிக்கு என்னைப் பாத்து என்ன கேட்டே? எல்லாரும் இருக்கும்போதுதானே கேட்டே. இப்பவும் எல்லாரும் இருக்காங்க. கேளு."

கிரேன்காரர் இயந்திரத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டார். அந்த ஆளுக்கு அப்படி என்ன ஆர்வமோ.  எனக்கு டப்பாவிலிருந்து இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. 

"உசுரு போறதுக்குள்ள அளக்க வந்துட்டியான்னு கேட்டேன்."

சொல்லி முடித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதோடே சொன்னேன்.

"அது தப்புண்ணே. நீ கட்டிலுக்குத்தான் அளந்தே. கட்டில் வந்து இறங்கின அன்னிக்கே எனக்குத் தெரியும். ஆறு வருஷமா தெரியும்."

தெரிந்தால் ஏன்டி வாயைத் திறக்கவில்லை என்று அண்ணி கேட்டாள்.  அண்ணன் திரும்பி நடந்தான். வீட்டுக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது.

மணி பத்து முப்பத்தைந்து. கிரேனிலிருந்த கருவி ஒரு தடவை கீச்சென்று கத்தி ஓய்ந்தது. என்ஜினியர் பொண்ணு கையைத் தூக்கி, கிரேன்காரருக்கு லாரியைக் காட்டினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. சங்கிலி முனகியது. முழங்கால் உயரத்தில் இருந்த என் வீடு இடுப்புக்குப் போய், தலைக்கு மேலே போய், மெல்ல லாரிப் பக்கம் நகர ஆரம்பித்தது. நான் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த பச்சை நிறக் கதவு கண்ணெதிரே தள்ளிப் போனது. டப்பாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்று என் தோளில் கை வைத்தார். பரவாயில்லை, எங்கேயாவது பார்த்துக்கொள்ளலாம் என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போது சுவருக்கு மேலிருந்து ஒரு டேப்பின் முனை வந்து என் தலையில் இடித்தது.

"பிடி, மொளகா."

சின்ன வயசில் அவன் எனக்கு வைத்த பேர் அது. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கையில் டேப், காதில் சாக்கட்டி. கீழே அண்ணி சம்மட்டியைச் சுமக்க முடியாமல் சுமந்துகொண்டு நின்றாள். அதை எடுக்கத்தான் உள்ளே போயிருக்கிறான், பாவி மனுஷன், சொல்லிவிட்டுப் போனால் என்ன. நான் தடுமாறி எழுந்து கிரேன்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினேன். காற்றும் அடங்கியிருந்ததால் அவர் நிறுத்தினார், வீடு லாரிக்குப் பாதி வழியில் நின்றது.

டேப்பின் முனையைச் சுவரின் மேல் அழுத்திப் பிடித்தேன். அவன் மறுமுனையை இழுத்துக்கொண்டு போய் ஒரு கோடு போட்டான். என்ஜினியர் பொண்ணு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். கதவு முப்பத்திரண்டு அங்குலம்தான், முப்பத்தாறு உடைத்தாலே தாராளம், இவ்வளவு வேண்டாம் என்றாள்.

"நாப்பத்திரண்டு," என்றான் அண்ணன். அவளைப் பார்க்கவில்லை, டேப்பைப் பார்த்தான். "ஒரு கட்டில் போகணும்னா நாப்பத்திரண்டு வேணும்."

நான் முனையை விடவில்லை. 

காகிதத்தைச் சுவரின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டான். கயிற்றுக்காரர்கள் வீட்டைச் சுற்றித் திருப்பினார்கள். ஏழு கம்பியும் ஏழு ஓட்டையில் நுழைந்தபோது மணி பத்து ஐம்பத்தி மூன்று. கிரேன்காரர் பல்குச்சியைத் துப்பிவிட்டுக் கிளம்பினார். அண்ணன் சம்மட்டியை ஓங்கப் போனான். நான் கட்டின சுவர், நான்தான் உடைப்பேன் என்று பிடுங்கிக்கொண்டேன். மூன்றாவது அடியிலேயே மூச்சு வாங்கியது. மிச்சத்தை அவன்தான் உடைத்தான், சொல்லிக்காட்டிக்கொண்டே. சாயங்காலம் நான் உள்ளேயிருந்து கதவைத் திறந்தபோது, மடிப்புப் படி விரிந்து அவன் முற்றத்தில் போய் இறங்கியது.

எங்கள் வீட்டுக் கட்டில் சுவரிலிருந்து இறங்குவது. வேறு கட்டில் அந்த வழியாக வரவும் போவதில்லை, வந்தாலும் முப்பத்திரண்டு அங்குலக் கதவுக்குள் நுழையாது. அண்ணனுக்கும் அது தெரியும். அவன் போட்ட சாக்கட்டிக் கோடு உடைந்த சுவரின் ஓரத்தில் இன்னும் இருக்கிறது. அதன் மேல் நான் சிமெண்ட் பூசவில்லை.