எண்பது டிகிரி, பத்து நிமிடம்

பப்பாளி என்ற பேரை அவளுக்கு வைத்தது கூடப்பிறந்த அண்ணன்தான். செல்லமாக வைத்த பேர் இல்லை.

அண்ணன் பட்டுத் துணிக்குச் சாயப்பட்டறை நடத்தினான். அங்கே நிறம் சரிபார்க்கிற வேலை அவளுடையது. தறியிலிருந்து வரும் பட்டில் நேராகச் சாயம் ஏறாது. புழு தன் இழைமேல் பூசிவைத்த பசை போகாமல் அப்படியே இருக்கும், துணி அட்டைபோல விறைத்து நிற்கும். அதைக் கழற்ற சோப்பும் சோடாவும் கரைத்த தொட்டியில் ஒன்றரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுவார்கள். பசை போகும், கூடவே துணியின் பாதி உயிரும் போகும். பிறகு சாயம் ஓரிடத்தில் அப்பும், ஓரிடத்தில் வெளிறும். அதற்கான திட்டு மட்டும் தவறாமல் நிறம் பார்க்கிறவளுக்கு வந்து சேரும்.

ஒரு நாள் அவள் பப்பாளிக்காயைக் கீறிப் பாலெடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, ஒரு முழம் பட்டை அதில் ஊறவைத்து எடுத்து வந்தாள். கொதிநீரையே பார்க்காத துணி, விரலில் நிற்காமல் வழுக்கியது.

"அந்தப் பால்ல ஒரு நொதி இருக்குண்ணா. பசையைத் தின்னுடுது. இந்த மாதிரி நொதி பொடியாவே விக்கிறாங்க. நம்ம கொதிக்கிற தொட்டியே வேண்டாம்."

அண்ணன் பட்டறையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டான். "பட்டை வேகவைன்னா என் தங்கச்சி பழம் நறுக்கிட்டு வந்திருக்கா, பாருங்க."

ஆளாளுக்குச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் பப்பாளி. சிரிக்காமல் நின்றது அவள் புருஷன் மட்டும்தான். கொதிதொட்டியைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுடையது. அந்தத் துணியை வாங்கி, இரண்டு தடவை கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஒரு வருஷம் போனது. தொட்டிக்கு ஆவி வரும் குழாயில் வால்வு சரியாக மூடவில்லை என்று புருஷன் இரண்டு முறை மேஸ்திரியிடம் வாயால் சொன்னான். மூன்றாம் முறை மேஸ்திரியின் நோட்டிலேயே எழுதி வைத்தான். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று அண்ணனிடமிருந்து பதில் வந்தது. அந்த அடுத்த மாசம் வருவதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமை வால்வு மூடவே மறுத்தது. தொட்டி பொங்கி விளிம்பு தாண்டியது. முழங்காலுக்குக் கீழே அவனுடைய இரண்டு காலும் வெந்துபோயின.

ஆஸ்பத்திரி நடைவழியில் அவள் பித்துப் பிடித்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தபோது அண்ணன் ஒரு தாளை நீட்டினான்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா. ஆஸ்பத்திரிக்குக் கேக்கறாங்க."

போட்டாள். அண்ணன் நீட்டிய தாளைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று எந்தத் தங்கைக்குத் தோன்றும்? அவள் கையெழுத்துக்குக் கீழே மேஸ்திரியும் போட்டான்.

மூன்று வாரம் கழித்து, நஷ்டஈடு கேட்டுப் போனபோது, தொழிலாளர் அலுவலகத்தில் அதிகாரி அதை வாசித்துக் காட்டினார். விபத்து நடந்த நேரத்தில் தொழிலாளி மது அருந்தியிருந்தார், இதை அவர் மனைவியும் உறுதி செய்கிறார்.

இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று வைக்கிற மனுஷன் அவன். "நான் படிக்காமப் போட்டேன் சார்" என்று அவள் சொன்னாள். அதிகாரி கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "படிக்கலைன்னா கையெழுத்து இல்லைன்னு ஆயிடாதும்மா. எழுதி வாங்கினவரே வந்து பொய்னு சொன்னாத்தான் உண்டு."

அங்கிருந்து நேரே பட்டறைக்குப் போனாள்.

"வேற என்ன செய்யச் சொல்றே?" என்றான் அண்ணன். "பட்டறைக்குப் பூட்டுப் போடச் சொல்றியா? அறுபது பேர் இருக்காங்க. குடிகாரன்னு ஒரே ஒரு வார்த்தைதானேம்மா. உங்களை நான் பட்டினியாவா விடப்போறேன்?"

"ஒரு வார்த்தைதானே. அதை உன் பேருக்கு முன்னாடி எழுதிக்கோயேன்."

அண்ணனின் முகம் மாறியது. "போ. போய்ப் பழம் நறுக்கு."

அவள் நிறம் பார்க்கும் விளக்கை அணைத்தாள், தன் கண்ணாடிக் குடுவைகளைப் பையில் போட்டுக்கொண்டாள், வெளியே வந்தாள். அழவில்லை. அழுதால் உள்ளே எரிகிறது அணைந்துவிடுமோ என்று பயந்தவள்போல, வீடு வரை பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தாள்.

புருஷன் தேறி வந்தான். ஆனால் பத்து நிமிடத்துக்குமேல் நிற்க முடியவில்லை. தெருவில் போனால் பின்னால் குசுகுசுப்பு கேட்டது. "சொட்டுகூடத் தொடாம குடிகாரன் பட்டம் வாங்கினவன் ஊர்லயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்" என்று அவன் சிரிப்புக் காட்டினான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பட்டத்தில் அவள் கையெழுத்தும் இருந்தது.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் இன்னொரு சிறிய சாயப்பட்டறை இருந்தது. அதை நடத்தியவளின் மூக்குக்கண்ணாடி ஒரு காதில் கம்பியாலும் மறு காதில் நூலாலும் நின்றதால் எல்லோருக்கும் அவள் கண்ணாடியம்மா.

"உங்கண்ணன் வேவு பார்க்க அனுப்பினானா?" என்று வேலை கேட்டு வந்தவளிடம் கண்ணாடியம்மா கேட்டாள்.

"அவனைக் கவுக்க வந்திருக்கேன்."

"அது உன் குடும்ப விஷயம். துணி நல்லா வருமா?"

"வரும்."

"அப்ப வா."

எட்டு மாதம் பிடித்தது. பப்பாளிப் பாலை விட்டுவிட்டு, விற்பனையாளர் கொண்டுவந்த நொதிப் பொடிகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். அது ஒரு தினுசான பிராணி. நாற்பது டிகிரியில் தூங்கி வழியும், எழுபதில் துவண்டுவிடும். ஐம்பத்தைந்தில், தண்ணீரில் லேசாகச் சோடாக் காரம் இருந்தால், பசையை ஒரு மணி நேரத்தில் நக்கித் துடைத்துவிடும். வெளிவந்த துணியில் சாயம் பால்போலச் சீராகப் பரவியது. எரிபொருளும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். ஆளை வேகவைக்கிற தொட்டியே இல்லை.

ஒரு பாடத்தை மட்டும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டாள். ஒரு சாயங்காலம் பசை நீக்கிய துணியை ஈரத்தோடு உருளையில் சுற்றி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் தொட்டால், பார்வைக்குப் பளபளப்பு, இழுத்தால் நனைந்த காகிதம். பசை தீர்ந்த பிறகும் நொதி வேலையை நிறுத்தவில்லை, இழையில் கைவைத்துவிட்டது. பசை போனதும் தொட்டியை எண்பது டிகிரிக்கு ஏற்றிப் பத்து நிமிடம் வைத்தால்தான் அது சாகும். விற்பனையாளர் தருகிற துண்டுத்தாளின் கடைசி வரியிலும் இது இருந்தது. யார் கடைசி வரி வரைக்கும் படிக்கிறார்கள்?

பிறகு அவள் வாடிக்கையாளர்களைத் தேடிப் போனாள். எல்லோரிடமும் இல்லை. அண்ணனுடைய வாடிக்கையாளர்களிடம் மட்டும். அதிலும் அவன் யாரை எழுந்து நின்று வரவேற்பானோ அவரிடம் முதலில், யாருக்குத் தன் கையால் டீ ஊற்றிக் கொடுப்பானோ அவரிடம் அடுத்து. ஒரே சாயத்தில் இரண்டு துண்டை மேசையில் வைப்பாள். ஒன்று கொதிதொட்டியிலிருந்து, ஒன்று நொதியிலிருந்து.

"கண்ணை மூடிட்டுத் தொட்டுப் பாருங்க" என்பாள். அதற்குமேல் பேசவே மாட்டாள்.

இரண்டு வருஷத்தில் ஏழு பேர் கால்வாயைத் தாண்டி வந்துவிட்டார்கள். ஒவ்வொருவர் வந்த அன்றும் அவள் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள். புருஷன் அதைக் கவனித்தான்.

ஒரு நாள் விற்பனையாளர் பேச்சுவாக்கில் சொன்னார். "உங்கண்ணனும் இதே பொடியை ரெண்டு மூட்டை வாங்கிட்டாரும்மா. துண்டுத்தாள் கொடுத்தேன், வாங்கிக்கலை. என் தங்கச்சி பண்றதை நான் பண்ண மாட்டேனான்னு கேட்டாரு."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அண்ணன் போன வருஷமே எரிபொருள் மிச்சம் பிடிக்கக் குளிர்சாயத்துக்கு மாறியிருந்தான். சாயம் ஒற்றிய துணியை உருளையில் சுற்றி மறுநாள் வரை ஈரமாக வைக்கிற முறை. முதலிலும் சூடு இல்லை, முடிவிலும் சூடு இல்லை. நொதிக்கு ராத்திரி முழுக்க விருந்து.

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் புருஷனிடம் சொன்னாள். பத்து வருஷம் தொட்டி பார்த்தவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"குளிர்சாயம்னா சூடே படாதே."

"படாது."

"அப்ப துணி?"

"தையல் போடற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும்."

அவன் கையை உதறிவிட்டு நிமிர்ந்தான். "சொல்லிடு."

"மாட்டேன்."

"அங்க வேலை செய்யறவங்க நடுத்தெருவுக்கு வந்துடுவாங்க."

"நீங்க வெந்து கிடந்தப்ப அந்த அறுபது பேர்ல ஒருத்தராவது இவர் குடிக்க மாட்டாருன்னு வாயைத் திறந்தாங்களா?"

அவன் தட்டைக் கழுவ எழுந்து போனான்.

நடக்க வேண்டியது நடந்தது. பெரிய ஆடை நிறுவனம் ஒன்று அண்ணனிடம் நாலாயிரம் மீட்டர் கரும்பச்சைப் பட்டுக் கேட்டிருந்தது. மிச்சமிருந்த ஒரே பெரிய வாடிக்கை. துணி போனது, நிறத்தைப் பார்த்துப் பாராட்டினார்கள், வெட்டினார்கள், தைத்தார்கள். ஊசி போன கோட்டிலேயே அங்கி அங்கியாகக் கிழிந்தது, தபால்தலையைப் பிய்ப்பதுபோல. மொத்தமும் திரும்பி வந்தது. அண்ணன் பசை நீக்குவதில் பொடியைக் குறைத்துப் பார்த்தான், நேரத்தைக் குறைத்துப் பார்த்தான். அடுத்த தடவையும் கிழிந்தது.

நாலாம் நாள் காலையில் அவன் கண்ணாடியம்மாவின் பட்டறை வாசலில் வந்து நின்றான். சவரம் செய்யாத முகம். கையில் கரும்பச்சைத் துண்டு. கண்ணாடியம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேலை இருப்பதாக உள்ளே போய்விட்டாள்.

"என்னம்மா தப்புப் பண்றேன் நான்?"

அவள் துண்டை வாங்கி இரண்டு விரலால் இழுத்தாள். சத்தமே இல்லாமல் விட்டுக்கொடுத்தது. "ஒரு சின்ன விஷயம். பத்து நிமிஷ வேலை."

"சொல்லு."

"தொழிலாளர் ஆபீசுக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடு. தங்கச்சி புருஷன் குடிக்கலை. வால்வு பழுதுன்னு மூணு தடவை சொன்னான். ஏமாத்தித் தங்கச்சிகிட்ட கையெழுத்து வாங்கினேன். மூணு வரி."

"எழுதினா என் மேல கேஸ் வரும்."

"வரும்."

"பெத்தவங்க இருந்திருந்தா இப்படிப் பேசுவியா?"

"இருந்திருந்தா உனக்கு முன்னாடி அவங்க என்கிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பாங்க. உன் இஷ்டம்ணா, அவசரமே இல்லை."

திரும்பிப் போனான். இரண்டு நாள் கழித்துக் கடிதத்தோடு வந்தான். அவள் மறுபடி ஏமாறுகிறவளாக இல்லை. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்தாள். அவனையே கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், அதிகாரி முன்னால் கொடுத்து, முத்திரை விழுந்த நகலைக் கையில் வாங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள். அலுவலகப் படிக்கட்டில் நின்றுகொண்டு சொன்னாள்.

"எண்பது டிகிரி. பத்து நிமிஷம். அதுக்கப்புறம் அலசிட்டுச் சாயத்துக்குப் போ."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் நெற்றியைத் தடவிக்கொண்டான். "கிடங்குல இருக்கிற துணியை இப்ப எண்பதுல போட்டா சரியாகுமா?"

"தின்னது தின்னதுதான். அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்."

அவள் பக்கம் திரும்பினான். "நான் பொடி வாங்கினது உனக்கு எப்பத் தெரியும்?"

"வாங்கின வாரமே தெரியும்."

"இப்படி ஆகும்னும் தெரியுமா?"

"தெரியும்."

"நான் உன் அண்ணன்டி."

"ஆஸ்பத்திரியில தாளை நீட்டினப்பவும் அண்ணன்தான்."

அவள் படியிறங்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. மனசுக்குள் இரக்கம் எங்காவது இருக்கிறதா என்று கை விட்டுத் துழாவிப் பார்த்தாள். இல்லை. அது கொஞ்சம் பயமாகவும் இருந்தது, நிறைவாகவும் இருந்தது.

அண்ணனின் பட்டறை ஆறு மாதம் இழுத்துக்கோ பறித்துக்கோ என்று ஓடிவிட்டு நின்றது. வழக்கு நடந்தது. அபராதம் விழுந்தது. யாரோ கட்டடத்தை வாங்கி அட்டைப்பெட்டிக் கிடங்காக்கினார்கள். அலுவலகத்திலிருந்து திருத்திய உத்தரவு வந்த அன்று, அவள் புருஷன் அதை ஜன்னலோரம் வைத்து இரண்டு முறை வாசித்தான். "எங்கப்பா பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்கு" என்றான். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

கண்ணாடியம்மா அவனுக்கு வேலை கொடுத்தாள். நொதித்தொட்டியருகே ஒரு முக்காலியில் உட்கார்ந்து சூட்டையும் நேரத்தையும் பார்த்துக்கொள்கிற வேலை. சேர்ந்த இரண்டாவது வாரம் பழைய மேஸ்திரி வேலை கேட்டு வந்தான். நோட்டில் எழுதியிருந்ததைப் படித்தவன், அந்தத் தாளில் இரண்டாவது கையெழுத்துப் போட்டவன். ஆள் பாதியாக இளைத்திருந்தான். புருஷன் எழுந்து தன் முக்காலியை அவனுக்குப் போட்டு, தன் டீயையும் நீட்டினான்.

"பப்பாளி முடிவு பண்ணட்டும்" என்று கண்ணாடியம்மா ஒதுங்கிக்கொண்டாள்.

"அவனுக்கும் ரெண்டு பொண்ணுங்க" என்றான் புருஷன், மெதுவாக. "நான் எப்பவோ விட்டுட்டேன். வேலை குடு."

மேஸ்திரி தலையைத் தூக்கவில்லை. டீயைக் குடிக்கவும் இல்லை.

"நீங்க விட்டுட்டீங்க. அது உங்க குணம்" என்றாள் அவள். "நான் விடலை. வேலை இல்லைன்னு சொல்லி அனுப்புங்க."

மேஸ்திரி கோப்பையை முக்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனான். புருஷன் அவன் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டுகிற வரை பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு மாலை வரை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.  அவள், காத்திருந்த அடுத்த துணிக்குப் பொடியை எடைபோட்டு, தண்ணீரில் கரைத்து, துணியை இறக்கச் சொன்னாள்.