பச்சை மரத்துக் கால்கள்

விடியற்காலையில் ஜெனரேற்றர் உறுமத் தொடங்கியதும் பட்டறையின் தகரக் கூரை முழுவதும் அதிர்ந்தது. மனோன்மணி வாளிக்குள் கைவிட்டுப் பசையைக் கலக்கினாள். மரத்தூளும் கோந்தும் சேர்ந்த அந்தக் குழம்பு முதல்நாள் வெக்கையில் புளித்து, கெட்டுப்போன கருவாட்டுத் தண்ணீர் மாதிரி நாறியது. சவர்க்காரம் போட்டு உரஞ்சினாலும் விரலை விட்டுப் போகாத நாற்றம். சோற்றைப் பிசைந்தால் சோறும் நாறும். 

எதிர்ப்பக்கத்தில், கொம்பியூட்டருக்கு முன்னால் தாழ்வுபாட்டுக் கடற்கரையிலிருந்து வேலைக்கு வரும் எடித் நின்றாள். அவள் இலக்கங்களைத் தட்டிவிட்டால், வெட்டும் அலகு சுழன்றபடி இறங்கி பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வாங்கின் காலில் துளை போடும். சட்டத்தின் நுனியில், அந்தத் துளைக்குள் இறங்கவேண்டிய கழுந்தைச் செதுக்கும். மயிரிழையும் பிசகாது. காய்ந்த தேக்கு வந்த காலத்தில், பசை தொடாமல் பூட்டிய வாங்கை ஒற்றைக் காலில் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். கால் கழலாவிட்டால் எல்லாப் பெண்களும் "பாஸ்!" என்று கத்துவார்கள்.

இப்போது வருவது பச்சை வேம்பு. அலகு பட்டால் தூள் பறக்காது, ஈரச் சுருள்தான் அப்பும். மெசின் எவ்வளவு திருத்தமாக வெட்டினாலும் ஈரம் வற்ற மரம் சுருங்கும். ஒரு கிழமையில் கழுந்து துளைக்குள் ஆடும். அந்த ஆட்டத்தை மறைக்கத்தான் இந்த நாற்றப் பசை. மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

"சமாதானம் எண்டு பேர்தான். செக்பொயின்ற் தாண்டிக் காய்ஞ்ச மரம் எங்காலை எடுக்கிறது?" என்பார் முதலாளி செல்வநாயகம். பள்ளிக்கூடங்களுக்கென்று தொண்டு நிறுவனம் காசு கொடுத்து வாங்கிய தேக்கு, அவருடைய மாடிவீட்டின் கதவுகளாகிப் போனது. அந்தக் கதவுகளைத் தேய்த்து மினுக்கியதே இந்தப் பெண்கள்தான். "மெசின்தானே எல்லாம் வெட்டுது" என்று சொல்லி அவர்களின் சம்பளத்தையும் போன மாதம் குறைத்துவிட்டார். சனம் செத்த யுத்தத்திலும் கொழுத்து, அது ஓய்ந்த இடைவெளியிலும் கொழுக்கிற பிறவிகள். தூ!

போன கிழமை இலுப்பைக்கடவைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் வாங்கு பிரிந்து விழுந்து ஒரு சிறுமியின் கை முறிந்தது. அதை விசாரிக்க நிறுவனத்து அதிகாரி இன்றைக்கு வருகிறார்.

நேற்றுப் பின்னேரம் முதலாளி மனோன்மணியைக் கந்தோருக்குக் கூப்பிட்டார். எண்ணெய் வழியும் ரோல்ஸைக் கடித்தபடி பேசினார்.

"எடித் இலக்கத்தைப் பிழையாத் தட்டினவள் எண்டு மட்டும் அவரிட்டைச் சொல்லு, பிள்ளை. அவளின்ரை இடம் உனக்கு. கடற்கரைச் சனத்தை நம்பேலாது."

மனோன்மணி, மலைத்தோட்டங்களிலிருந்து வந்த சனம் குடியிருக்கும் நறுவிலிக்குளத்துக்குப் பஸ் ஏறினாள். ஆசை வரவில்லை என்றால் பொய். தனக்கு ஆசை வந்ததை நினைக்க, வாளிப் பசையை விட அது கூடுதலாக நாறியது.

தேத்தண்ணி நேரத்தில் எடித் அவளுடைய முகத்தையே பார்க்கவில்லை. மனோன்மணிக்குப் பொறுக்கவில்லை.

"எடித் அக்கா, உங்களிலை பழி போடச் சொல்லி ஐயா என்னட்டைக் கேட்டவர்."

எடித் கோப்பையைக் கீழே வைத்தாள். "உன்னட்டையுமோ? தோட்டக்காட்டாள் ஒழுங்காப் பசை பூசேல்லை எண்டு என்னைச் சொல்லட்டாம். உனக்கு என்ன தாறன் எண்டவர்?"

"உங்கடை மெசினை."

"எனக்கு மேற்பார்வை வேலை!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடியமுன்னே எடித்தின் கண் கலங்கியது. "ஒரு சொல்லும் சொல்லாமல்தான் வந்தனான். ஆனா இரவு முழுக்க யோசிச்சனானடி."

"நானும்தான் அக்கா."

கேட்டுக்கொண்டிருந்த, வார்னிஷ் அடிக்கும் பாலம்மா எழும்பி வந்து, "நாளைக்கு என்னிலை போடுவார்" என்றாள். மற்றவர்களும் நெருங்கி வந்தார்கள். எடித் போய் மெசினை நிறுத்தினாள். மனோன்மணி வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வெளி மணலில் கவிழ்த்தாள். மணந்து பார்க்க வந்த நாயும் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகியது.

சத்தம் நின்றதும் முதலாளி ஓடிவந்தார். "ஏன் மெசின் நிக்குது?"

"பழையபடி தூக்கிப் பாக்கப்போறம் ஐயா" என்றாள் எடித்.

போன கிழமை பொருத்தி, பசைக்காக வைத்திருந்த வாங்குகளை ஆளுக்கொன்றாய் ஒற்றைக் காலில் பிடித்துத் தூக்கினார்கள். கால்கள் கையோடு வந்தன. வாங்குகள் சீமெந்துத் தரையில் சடசடவென்று விழுந்தன. ஒருத்தியும் "பாஸ்" என்று கத்தவில்லை.

கையில் காலோடு நின்ற பெண்களைக் கண்டு செல்வநாயகம் பின்வாங்கினார். "என்னடி, அடிக்கவோ நிக்கிறியள்?"

"விசாரிக்க வாற பெரியவருக்குக் காட்ட, ஐயா. காய்ஞ்ச மரம் வேணும். வெட்டின சம்பளம் வேணும். அதுவரைக்கும் மெசின் ஓடாது" என்றாள் எடித்.

"நாளைக்கே வேறை ஆக்களைப் பிடிப்பன்!"

"பிடியுங்கோ. பச்சை மரம் அவைக்கும் சுருங்கும்" என்றாள் மனோன்மணி.

பெண்கள் படலைப் பக்கம் நடந்தார்கள். முதலாளி குரலைத் தணித்தார். "மனோன்மணி, நில் பிள்ளை. நான் நேற்றுச் சொன்னது ஞாபகம் இருக்கோ?"

அவள் திரும்பினாள். "ஓம் ஐயா. எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

படலையடியில் வெயில் ஏறியிருந்தது. நாளைக்கு வேலை இருக்குமா, வீட்டில் அடுப்பு எரியுமா, ஒருத்திக்கும் தெரியாது. ஈர வேம்புக் கால் மனோன்மணியின் கையில் கனத்தது. எடித் அந்தக் காலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். தூரத்தில் அதிகாரியின் வாகனப் புழுதி கிளம்பியது; ஒருத்தியும் வழிவிட்டு நகரவில்லை.